குறுணல் ஏன் கூடுது? ஆலைப் பணியாளர்களுக்குத் தரவைப் பழக்கும் விதம்

காலபோக அறுவடை தொடங்கி, இரணைமடு, கட்டுக்கரை, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் விளைந்த நெல் மூடை மூடையாக வந்து இறங்கும் நாட்களில், வன்னியின் அரிசி ஆலைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "இண்டைக்கு ஏன் இவ்வளவு குறுணல்?" பதில்களும் வழக்கமானவைதான். நெல் சரியில்லை. வெயில் கூடிப்போச்சு. றப்பர் உருளை தேஞ்சுபோச்சு. புதுப் பொடியனுக்கு மெசின் இன்னும் பிடிபடேல்லை. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கலாம். எதில் எவ்வளவு உண்மை என்று சொல்ல ஒருவர் கையிலும் எண் இருக்காது. அதனால் குரல் உயர்ந்தவரின் பதில் வெல்லும், அன்று மாலை யாரோ ஒருவர் உமி நீக்கும் உருளைகளின் இடைவெளியைத் திருகிவிட்டுப் போவார்.

அந்த எண்ணை எடுக்கவும், அதை வாசிக்கவும், வாசித்தபின் எப்போது கை வைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும் ஆலையில் நிற்பவர்களைப் பழக்குவதைத்தான் தரவு வழித் தர மேம்பாடு என்கிறார்கள். பெயர் பெரிது. தேவையான கணிதம், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த இடையும் (சராசரி) வீச்சும் (மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம்)தான்.

இதன் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1924இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்த வோல்ட்டர் ஷூவாட் முதலாவது கட்டுப்பாட்டு வரைபை, அதாவது அளந்த எண்களைப் புள்ளிகளாக வைத்து இயல்பான ஆட்டத்துக்கு மேலும் கீழும் எல்லைக்கோடு போட்ட படத்தை, வரைந்தார். அந்தச் சிந்தனையை அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங் 1950இல் யப்பானியப் பொறியியலாளர்களுக்கும் முதலாளிமாருக்கும் கற்பித்தார். 1980களின் பிற்பகுதியில் மோட்டரோலா நிறுவனம் அதற்கு 'சிக்ஸ் சிக்மா' என்று பெயர் சூட்டி, கராத்தே போலப் பச்சைப் பட்டி, கறுப்புப் பட்டி என்று தரம் பிரித்தது. பத்து இலட்சத்தில் 3.4 பிழை என்பது அதன் புகழ்பெற்ற இலக்கு. நூறு கிலோ அரிசியில் பதினொரு கிலோ குறுணல் விழும் ஆலைக்கு அந்த இலக்கால் இப்போதைக்கு ஒரு பயனும் இல்லை. பட்டியை விட்டுவிட்டு, ஷூவாட் வரைந்த அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

யாரைப் பழக்குவது?

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அவிக்கும் இடத்தில் நிற்பவர், காயவிடும் தளத்தில் நெல்லைக் கிளறும் அக்காமார் இருவர், மெசின் ஓட்டுபவர், மூடை கட்டுபவர், களஞ்சியம் பார்ப்பவர். இவர்களோடு முதலாளி அல்லது முகாமையாளர் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாளி வராத வகுப்பு ஒரு மாதம்கூடத் தாங்காது. எண்ணைப் பார்த்து ஏசுகிற ஆள் அவர்தானே, எண்ணை வாசிக்கப் பழக வேண்டியவரும் அவர்தான்.

வாரத்தில் ஒரு நாள், மெசின் போடுவதற்கு முன் முக்கால் மணி நேரம், எட்டு வாரம். கணினி வேண்டாம். ஒரு கோடு போட்ட கொப்பி, ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், அடிமட்டம், கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றர். எக்செல் பிறகு வரலாம். கையால் ஒருதரம் வரைந்தவருக்கே படம் என்ன சொல்கிறது என்று விளங்குகிறது.

முதல் வாரம்: கௌபிச் சட்டி

டெமிங் தன் வகுப்புகளில் சிவப்பு மணி, வெள்ளை மணி கலந்து ஒரு விளையாட்டு நடத்துவார். நம்மூரில் அதற்குக் கௌபி இருக்கிறது. 800 வெள்ளைக் கௌபியும் 200 சிவப்புக் கௌபியும் எண்ணி ஒரு சட்டியில் கலக்குங்கள். ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடிக்கொண்டு 50 மணி எடுக்க வேண்டும். சிவப்பு மணிதான் 'குறை'. எண்ணிக்கையைப் பலகையில் எழுதி, மணிகளைத் திரும்பப் போட்டுக் கலக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். நாலு சுற்று போகட்டும்.

சராசரியாகப் பத்துச் சிவப்பு வரும். ஆனால் ஒருவருக்கு ஆறு வரும், பக்கத்தில் நிற்பவருக்குப் பதினைந்து வரும். இங்கே பயிற்சி கொடுப்பவர் கொஞ்சம் நடிக்க வேண்டும். ஆறு எடுத்தவரைப் பாராட்டி ஒரு ரொபி கொடுங்கள். பதினைந்து எடுத்தவரை "கவனமா எடுங்கோ அண்ணை" என்று கண்டியுங்கள். அடுத்த சுற்றில் ரொபி வாங்கியவருக்குப் பெரும்பாலும் கூடும், ஏச்சு வாங்கியவருக்குப் பெரும்பாலும் குறையும். ஏசினால் வேலை நடக்கிறது, பாராட்டினால் தலைக்கனம் வருகிறது என்று முகாமையாளர் நம்பத் தொடங்குவது இந்த இடத்தில்தான். இருவரும் ஒன்றும் மாற்றிச் செய்யவில்லை. சட்டி அப்படி.

கணக்குப் போட்டால், இந்தச் சட்டியிலிருந்து 2 முதல் 18 வரை எந்த எண் வந்தாலும் அது சட்டியின் இயல்பு. எடுத்தவரின் குணமோ கெட்டித்தனமோ அதில் இல்லை. சிவப்பைக் குறைக்க வேண்டுமென்றால் சட்டியில் உள்ள கலவையை மாற்ற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் எடுப்பவரிடம் இல்லை. இதைச் சொல்லாமல் சட்டியையே பேசவிடுங்கள். பொதுவாக அறையில் யாராவது ஒருவர் தாமாகவே, "அப்ப என்னை ஏசினது பிழைதானே" என்பார். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

எதை அளக்கிறோம் என்று முதலில் ஒத்துக்கொள்ளுதல்

இரண்டாம் வாரம் ஒரு பிடி அரிசியை மேசையில் கொட்டி, குறுணலைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒருவர் பாதி மணியைக் குறுணல் என்பார், இன்னொருவர் நுனி உடைந்ததையும் சேர்ப்பார். இருவரின் எண்ணையும் ஒரே கொப்பியில் எழுதினால் அது குப்பை. ஆகவே வரையறை ஒன்று வேண்டும்: முழு மணியின் நீளத்தில் முக்காலுக்குக் குறைந்தது குறுணல். முழு மணி, முக்கால் மணி, அரை மணி மூன்றையும் ஒரு மட்டையில் ஒட்டித் தராசுக்கு மேலே தொங்கவிடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கும் அந்த மட்டை போதும்.

மாதிரி எடுப்பதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நடக்கும். மூடையின் மேலிருந்து ஒரு பிடி அள்ளுவது முதலாவது. சிறியது கீழே இறங்கும், பெரியது மேலே நிற்கும். அதனால் மேலிருந்து அள்ளிய அரிசி எப்போதும் நல்ல அரிசியாகவே தெரியும். மெசினிலிருந்து விழும் இடத்தில், ஒரு அவிப்பு (ஒரே தடவையில் அவித்த நெல்) ஓடி முடிவதற்குள் பத்துத் தடவை சிறு சுண்டால் ஏந்தி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டிக் கலக்கி, வட்டமாகப் பரப்பி, நாலாகக் கீறி, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். நூறு கிராம் வரும்வரை இப்படிச் செய்யலாம்.

மாதிரி சிறுத்துப்போவது இரண்டாவது. "இருபத்தைஞ்சு கிராம் காணாதோ?" என்று கேட்பார்கள், ஏனென்றால் பிரிப்பது அலுப்பு. 25 கிராமில் ஏறத்தாழ ஆயிரம் மணிதான் இருக்கும். அரிசியில் உண்மையான உடைவு 12 வீதம் என்றால், எந்த மணி கைக்கு வந்தது என்ற அதிர்ஷ்டத்தாலேயே விடை ஒரு வீதம் அங்குமிங்கும் ஆடும். 100 கிராமில் அந்த ஆட்டம் அரை வீதமாகக் குறையும். நாம் தேடும் வித்தியாசமே ஓரிரு வீதம் என்பதால் நூறைக் குறைக்காதீர்கள். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். நெல் நிறுக்கும் பெரிய தராசில் இதைச் செய்ய முடியாது.

ஈரப்பத மீற்றருக்கும் ஒரு பழக்கம் வேண்டும். மீற்றரில் நெல்லுக்கு ஒரு தெரிவு, அரிசிக்கு இன்னொரு தெரிவு இருக்கும். அது மாறிக்கிடந்தால் அன்றைய எண் எல்லாம் பிழை. தளத்திலிருந்து சுடச்சுட அள்ளிய நெல்லை உடனே வைக்காமல், ஒரு மூடிய போத்தலில் போட்டு நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும். ஒரே மாதிரியில் மூன்று தரம் அளந்து இடையை எழுத வேண்டும். அவித்த நெல்லையும் பச்சை நெல்லையும் மீற்றர் ஒரே மாதிரி வாசிக்கும் என்று நம்ப வேண்டாம், இரண்டுக்கும் தனிப் பக்கம் வையுங்கள்.

மூன்றாம் வாரம் அளப்பவரைச் சோதிக்கும் வாரம். பத்து வெவ்வேறு அவிப்புகளின் மாதிரிகளைப் பைகளில் போட்டு, பையின் அடியில் மட்டும் இலக்கம் எழுதுங்கள். இரண்டு பேர், ஒவ்வொருவரும் இரண்டு தரம், முதல்தரம் என்ன வந்தது என்று தெரியாமல் பிரித்து நிறுக்க வேண்டும். ஒரே பை ஒருவரிடம் முதலில் 11 வீதமாகவும் பிறகு 13.5 வீதமாகவும் வந்தால், அந்த ஆலையின் கொப்பி இதுவரை மெசினைப் பற்றிப் பேசவில்லை, பிரித்தவரின் கண்ணைப் பற்றித்தான் பேசியிருக்கிறது. இதைத் திருத்தாமல் அடுத்த வாரத்துக்குப் போகக் கூடாது. பெரும்பாலும் வெளிச்சம் காணாமல் இருக்கும், அல்லது மட்டையைப் பார்க்காமல் பிரித்திருப்பார்கள்.

ஒரு வரைபு, கையால்

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை சும்மா பதிய மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு அவிப்புக்கும் ஒரு வரி: திகதி, நெல் இனம், எந்தத் தளம், தளத்தில் போட்ட நேரம், அள்ளிய நேரம், அள்ளும்போது ஈரம், மெசினில் நின்றவர், குறுணல் வீதம். கடைசியில் 'வேறு ஏதும்' என்று ஒரு பெட்டி. மழை தூறியது, கரண்ட் போனது, உருளை மாற்றியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போகும். முடிச்சு அவிழ்வது பெரும்பாலும் அதில்தான். குறைந்தது இருபது அவிப்பு சேரட்டும்.

கணக்கைக் காட்ட இங்கே பத்து எண் மட்டும் எடுத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காக எழுதியவை): 11.2, 12.0, 11.5, 12.4, 11.8, 10.9, 11.6, 12.2, 11.4, 12.0.

கூட்டினால் 117, இடை 11.7. இனி அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை, கூடியதா குறைந்ததா என்று பாராமல் எழுதுங்கள்: 0.8, 0.5, 0.9, 0.6, 0.9, 0.7, 0.6, 0.8, 0.6. கூட்டினால் 6.4, ஒன்பதால் வகுத்தால் 0.71. இதை 2.66 ஆல் பெருக்குங்கள். அந்த 2.66 புள்ளிவிபரவியல் தந்த மாறிலி, எந்த ஆலைக்கும் அதே எண்தான். விடை 1.89. இடையோடு கூட்டினால் மேல் எல்லை 13.6, இடையிலிருந்து கழித்தால் கீழ் எல்லை 9.8. சதுரக்கோட்டுக் கொப்பியில் மூன்று கிடைக்கோடு: நடுவில் 11.7, மேலே 13.6, கீழே 9.8. ஒவ்வொரு அவிப்பும் ஒரு புள்ளி.

இனி நாளைக்கு 12.9 வந்தால்? கூடித்தான் இருக்கிறது, ஆனாலும் எல்லைக்குள். கௌபிச் சட்டியில் பதினைந்து வந்தது போல. யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டாம், மெசினைத் தொட வேண்டாம். 14.3 வந்தால்? எல்லையைத் தாண்டிவிட்டது. அன்று ஏதோ வித்தியாசமாக நடந்திருக்கிறது. சூட்டோடு சூடாகத் தேட வேண்டும், நாளைக்கென்று விட்டால் தடயம் போய்விடும். எல்லைக்குள் இருந்தாலும் எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால் அதுவும் ஒரு அறிகுறி. உருளை மெல்ல மெல்லத் தேய்வது இப்படித்தான் தெரியவரும். கீழ் எல்லைக்குக் கீழே ஒரு புள்ளி விழுந்தால் கொண்டாடிவிட்டு விட்டுவிடாதீர்கள், அன்று தற்செயலாக என்ன சரியாக நடந்தது என்று தேடுங்கள். அதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

எல்லைக்குள் நிற்கும் ஆட்டத்துக்கெல்லாம் மெசினைத் திருகினால் என்ன வரும்? ஒவ்வொரு தடவையும் விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கம் திருத்திக்கொண்டு போனால் ஆட்டத்தின் அகலம் ஏறத்தாழ 1.4 மடங்காகக் கூடும் என்பது கணக்கு. அக்கறையாகத் திருகும் ஆள்தான் குறுணலின் ஆட்டத்தைக் கூட்டுகிறார். பயிற்சியில் நம்ப வைக்கக் கடினமான இடம் இதுதான், அனுபவம் கூடியவருக்கு இன்னும் கடினம். உருளை இடைவெளி நெருங்கினால் மணி உடையும், றப்பரும் கெதியாய்த் தேயும். அகன்றால் உமி நீங்காத நெல் அரிசியோடு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அதைக் கண்டபின் கையை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். கட்டுப்பாட்டு எல்லை என்பது வாங்குபவர் கேட்கும் எல்லை அல்ல. கொழும்புக் கடைக்காரர் 8 வீதத்துக்கு மேல் குறுணல் வேண்டாம் என்று சொல்லலாம். மேலே உள்ள ஆலையில் புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக 9.8க்கும் 13.6க்கும் இடையில் நிற்கின்றன, ஆனால் ஒன்றுகூட 8ஐத் தொடாது. "நாளையில இருந்து எட்டு வரோணும்" என்று சுவரில் எழுதி ஒட்டினால் வராது. சட்டியை மாற்ற வேண்டும்.

சட்டியை மாற்றுவது

ஏழாம் வாரம் கொப்பியைப் பிரித்துப் பார்க்கும் வாரம். அதே புள்ளிகளைத் தளம் வாரியாக, நேரம் வாரியாக, இனம் வாரியாக வேறுவேறு நிறப் பேனையால் குறியுங்கள். மீன்முள் படம், பரேட்டோ படம் என்று பல கருவிகள் இருக்கின்றன. அவற்றை ஒரே மூச்சில் படிப்பித்தால் ஒன்றும் தங்காது. நிறம் பிரிப்பது ஒன்றே பெரும்பாலான ஆலைகளுக்கு வழி காட்டும். கேள்வி கேட்கும் விதமும் மாற வேண்டும். "அக்கா, ஏன் நேற்று இவ்வளவு உடைஞ்சது?" என்றால் அக்கா தன்னைக் காப்பாற்றும் பதிலைத்தான் சொல்லுவா. "நேற்று எந்தத் தளத்தில போட்டனீங்கள், எத்தினை மணிக்கு அள்ளினீங்கள்?" என்றால் தகவல் வரும்.

புழுங்கல் அரிசியில் குறுணலுக்கு மெசினைவிட வெயில் பொறுப்பாக இருப்பது அதிகம். அவித்து இறக்கிய நெல்லில் ஈரம் 30 வீதத்துக்கு மேல் இருக்கும். அதை 14 வீதம் வரை கொண்டுவர வேண்டும். 16, 18 வீதம் வரை வேகமாகக் காய்ந்தாலும் பெரிய சேதம் இல்லை. அதற்குக் கீழே ஒரே வெயிலில் இழுத்தால் மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மெசினுக்குள் போனதும் அந்தக் கீறலில் உடையும். பழி மெசின்காரருக்கு. பரிகாரம் பழையது: 16 முதல் 18 வீதத்தில் அள்ளிக் குவித்து மூடிச் சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு மெல்லிய வெயிலில் 14க்குக் கொண்டுவருவது.

சரி, இது நம் ஆலையில் உண்மையில் பலன் தருகிறதா? எட்டாம் வாரத்தில் சோதியுங்கள். ஒரு அவிப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வழக்கம் போல, மறு பாதி ஆறவிட்டு. எந்தப் பாதி எந்தத் தளத்துக்கு என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள், நாமே தெரிவு செய்தால் நல்ல தளத்தைப் புது முறைக்குக் கொடுத்துவிடுவோம். இப்படி எட்டு அவிப்பு. புது முறையில் ஒரு பலனும் இல்லையென்றால், எட்டிலும் அது வெல்வது எட்டுத் தரம் சுண்டி எட்டும் தலை விழுவது போல, 256இல் ஒரு வாய்ப்பு. எட்டோ ஏழோ வென்றால் நம்பி மாறலாம். ஆறு வென்றால் இன்னும் எட்டு அவிப்புச் செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் உருளையையும் மாற்றிக் காயவிடுவதையும் மாற்றினால் எதனால் வந்ததென்று யாருக்கும் தெரியாது.

காசுக் கணக்கையும் எல்லோருக்கும் முன் போடுங்கள். குறுணல் இரண்டு வீதம் இறங்கினால் ஆயிரம் கிலோ அரிசிக்கு 20 கிலோ முழு அரிசி கூடும். முழு அரிசிக்கும் குறுணலுக்கும் அன்றைய சந்தை விலை வித்தியாசத்தால் அதைப் பெருக்குங்கள். ஈரத்துக்கும் இதே கணக்கு உண்டு. 14 வீத ஈரத்தில் 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 86 கிலோ. பயத்தில் 12 வீதம் வரை காயவிட்டால் 86ஐ 0.88 ஆல் வகுக்க வேண்டும், 97.7 கிலோ. வெயிலுக்குக் கொடுத்தது 2.3 கிலோ, போதாததற்கு உடைவும் கூடும்.

கொப்பி பொய் சொல்லத் தொடங்கும்போது

எண்ணை வைத்துச் சம்பளத்தில் கை வைத்த அன்றிலிருந்து கொப்பி கெட்டுப்போகும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஈரம் எல்லாம் 14.0, 14.0, 14.0 என்றே இருக்கும். குறுணல் எப்போதும் 11, 12 என்று முழு எண்ணாக வரும். ஒரு கிழமைக்கான வரிகள் ஒரே பேனையில், ஒரே சாய்வில், எண்ணெய்க் கறை ஒன்றும் படாமல் இருக்கும். உண்மையான ஆலைக் கொப்பியில் தவிடு ஒட்டியிருக்கும். பொய்க் கொப்பியைக் கண்டால் எழுதினவரைப் பிடிக்காமல், அவர் எதற்குப் பயந்தார் என்று பாருங்கள். அளக்க நேரம் கொடுக்காமல் அளக்கச் சொல்வதும் பொய்க்கு ஒரு காரணம். நூறு கிராம் பிரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் நாட்கள் உண்டு, அந்த நேரம் சம்பளத்துக்குள் வர வேண்டும்.

இதே வழி மற்றத் தொழில்களுக்கும் பொருந்தும். தையல் ஆலையில் குறுணலுக்குப் பதில் தையல் விட்ட துண்டுகள், பால் சேகரிக்கும் நிலையத்தில் கொழுப்பு வீதம், கருவாட்டில் உப்பும் ஈரமும். ஐந்து கிலோப் பைகளை நிறைப்பவர்கள் மணிக்கு ஐந்து பை நிறுத்து, அந்த ஐந்தின் இடையைப் புள்ளியாக வைக்கலாம். அங்கே எல்லைக்குரிய மாறிலி 2.66 அல்ல. ஐந்து பைகளின் வீச்சை ஒவ்வொரு மணிக்கும் எடுத்து, வீச்சுகளின் இடையை 0.577 ஆல் பெருக்க வேண்டும்.

எல்லைக் கோடுகளை அடிக்கடி மாற்றாதீர்கள். முறை மாறி, எட்டுப் புள்ளி புதிய மட்டத்தில் நின்றபின், இருபது அவிப்புச் சேர்த்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். சிறுபோக நெல்லுக்கு வேறு பக்கம் திறவுங்கள், காலபோகத்துக் கோட்டை அதன்மேல் இழுக்க வேண்டாம். படம் கந்தோருக்குள் தொங்கக் கூடாது. மெசினுக்குப் பக்கத்தில், தூசு படும் இடத்தில், அடுத்த புள்ளியைக் குற்றப்போகிறவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும், பென்சிலை ஒரு நூலில் கட்டிவிடுங்கள்.